மருத்துவர் என்னை விட்டுவிட்டு என் தங்கையிடம் பேசினார்: நமக்காக நாமே பேசப் பழகுவது எப்படி?

#1 காதோரம்

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாக இங்கே எழுதப்படுவதை வாசிக்க மட்டுமே செய்து வந்தவள், இன்று முதன்முறையாக ஓர் இழையைத் தொடங்குகிறேன். எனக்கு வயது 43. முப்பத்தைந்து வயதில் தொடங்கிய கேள்வித்திறன் இழப்பு இப்போது இரண்டு காதுகளிலும் 70 டெசிபலைத் தாண்டிவிட்டது. காதொலிக் கருவி அணிகிறேன். அமைதியான அறையில், முகத்தைக் காட்டிக்கொண்டு, ஒருவர் மட்டும் பேசினால் பெரும்பாலும் புரிந்துகொள்வேன். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பாதிப் பேச்சு போய்விடும்.

சென்ற வாரம் தலைச்சுற்றலுக்காக ஒரு மருத்துவரைப் பார்க்கப் போனேன். துணைக்குத் தங்கை வந்திருந்தாள். மருத்துவர் கணினித் திரையைப் பார்த்தபடியே என்னிடம் ஏதோ கேட்டார். "மறுபடியும் சொல்லுங்கள்" என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, நாற்காலியைச் சற்றே திருப்பிக்கொண்டு, தங்கையிடம் கேட்கத் தொடங்கினார். அதன் பிறகு அந்த அறையில் நான் யாரோ கொண்டுவந்து வைத்த பையைப் போல உட்கார்ந்திருந்தேன். எத்தனை நாளாகத் தலைச்சுற்றல் என்று அவர் கேட்டிருக்கிறார். மூன்று வாரம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். உண்மையில் ஐந்து மாதம். மூன்று வாரத்துக்கு முன்புதான் நான் அவளிடமே சொன்னேன், ஆகவே அவள் பொய் சொல்லவில்லை. இதெல்லாம் வீட்டுக்கு வந்து பேசியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

கிளம்பும் நேரத்தில் மருத்துவர் என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். உதட்டைப் படித்தேன், 'பாதம்' என்று தெரிந்தது. குனிந்து என் பாதங்களைப் பார்த்தேன், செருப்பைக் கழற்றவும் தொடங்கிவிட்டேன். இருவரும் சிரித்தார்கள். அவர் சொன்னது 'மாதம்'. ஒரு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். பகரத்துக்கும் மகரத்துக்கும் உதடுகள் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கின்றன. காற்று மூக்கு வழியாகப் போகிறதா இல்லையா என்பதை எந்தக் கண்ணாலும் பார்த்துவிட முடியாது. நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துகிறது.

என் கேள்வி இதுதான். என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் அந்த இடத்தில் வாய் வர மறுக்கிறது. தொந்தரவு கொடுக்கிறேனோ என்ற எண்ணம் முந்திக்கொள்கிறது. நீங்கள் எப்படிப் பழகினீர்கள்?


#2 சக்கரவாகம்

வாருங்கள், சகோதரி. செருப்பைக் கழற்றியதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை, கிடைத்த தகவலுக்கு ஏற்ப நடந்துகொண்டீர்கள், அவ்வளவுதான்.

பதினெட்டு ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். தொடக்கக் காலத்தில் எங்காவது போவதற்கு முன்பு தொலைபேசியில் அழைத்து, "நான் சக்கர நாற்காலியில் வருகிறேன், வசதி இருக்கிறதா?" என்று கேட்பேன். "எல்லா வசதியும் இருக்கிறது, தாராளமாக வாருங்கள்" என்பார்கள். போய்ப் பார்த்தால் வாசலில் நான்கு படிகள் இருக்கும். "நான்கு படிதானே, நாங்கள் தூக்கிவிடுகிறோம்" என்று நான்கு பேர் ஓடி வருவார்கள். அவர்களில் ஒருவர் கழன்று வரக்கூடிய கைப்பிடியைப் பிடித்துத் தூக்குவார். ஒருமுறை அந்தக் கைப்பிடி அவர் கையிலேயே வந்துவிட்டது. நான் இரண்டாம் படியில் சாய்ந்து கிடந்தேன். அவர்கள் நல்லவர்கள் இல்லை என்று சொல்ல முடியாது. 'வசதி' என்ற சொல் அவர்களுக்கு ஒரு பொருளையும் எனக்கு இன்னொரு பொருளையும் தந்ததுதான் சிக்கல்.

இப்போது நான் கேட்கும் கேள்விகளில் 'வசதி' என்ற சொல்லே வருவதில்லை. வாசலில் எத்தனை படிகள், ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம், கதவைத் திறந்து வைத்தால் இடைவெளி எத்தனை சென்டிமீட்டர், கழிப்பறைக் கதவு உள்பக்கம் திறக்குமா வெளிப்பக்கம் திறக்குமா என்று கேட்கிறேன். என் நாற்காலியின் அகலம் 66 சென்டிமீட்டர். கையை உள்ளடக்கி நுழைய 80 வேண்டும். சாய்தளம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதன் நீளத்தைக் கேட்பேன், ஏனென்றால் ஓர் அங்குலம் உயர பன்னிரண்டு அங்குலம் ஓட வேண்டும் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் கணக்கு. 15 சென்டிமீட்டர் உயரப் படிக்குக் குறைந்தது 180 சென்டிமீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். வாசலில் சாய்த்து வைத்த ஒரு பலகை சாய்தளம் ஆகாது, அது சறுக்குமரம்.

உங்கள் நிலைக்கு வருவோம். "எனக்குக் காது சரியாகக் கேட்காது" என்று நீங்கள் சொன்னால், எதிரில் இருப்பவருக்கு இரண்டு வழிகள்தான் தோன்றும்: கத்துவது, அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது. கத்தினால் உதட்டின் வடிவம் இன்னும் கெட்டுப்போகும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? குறையைச் சொல்லி நிறுத்தாமல், அவர் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். "என் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். எண்ணையும் தேதியையும் எழுதிக் காட்டுங்கள். கேள்விகளை என்னிடமே கேளுங்கள்." மூன்றே வாக்கியங்கள். ஏன், எதற்கு, எப்போதிலிருந்து என்ற வரலாறு அவருக்குத் தேவையில்லை.


#3 தொடுவெழுத்து

சக்கரவாகம் ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். நான் பார்வையற்றவள், திரையில் உள்ள எழுத்தைக் குரலாக வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் என்ற மென்பொருளைக் கொண்டு வேலை செய்கிறேன். என் அலுவலகத்தில் ஆவணங்களை ஒளிவருடி (ஸ்கேன் செய்து) படமாக அனுப்புவார்கள். அந்தக் கோப்பைத் திறந்தால் திரைவாசிப்பான் "படம்" என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அமைதியாகிவிடும். "எனக்குப் படிக்க முடியவில்லை" என்று ஆறு மாதம் சொன்னேன். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் வந்து வாசித்துக் காட்டினார். அன்றைய வேலை முடிந்தது, அடுத்த நாள் அதே படம் வந்தது. பிறகுதான், "ஒளிவருடுவதற்கு முன்பு உங்கள் கணினியில் இருந்த எழுத்துக் கோப்பை எனக்கு அனுப்புங்கள்" என்று கேட்டேன். அவர்களுக்கு ஒரு வேலை குறைந்தது. அன்றோடு சிக்கல் தீர்ந்தது.

நான் சேர்க்க விரும்புவது, எழுத்தில் கேளுங்கள் என்பதை. வாயால் கேட்டது கேட்டவரோடு போய்விடும். எழுதியது கோப்பில் தங்கும். முன்பதிவு செய்யும்போதே அனுப்பிவிடுங்கள். யாரிடம், எந்தத் தேதியில் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். இரண்டாம் முறை கேட்கும்போது, "கடந்த முறை இந்தத் தேதியில் இதைக் கேட்டிருந்தேன்" என்று தொடங்கினால் உங்கள் குரலே மாறிவிடும். அந்த இடத்தில் வாய் வரவில்லை என்றீர்களே, எழுத்து உங்களுக்கு முன்பாகவே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.


#4 நடுவழி

எனக்கு முடக்குவாதம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலையில் விரல்கள் மடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பத்து மணிக்குப் பிறகு என்னைப் பார்ப்பவர் யாரும் நம்பமாட்டார்கள். உங்களைப் போன்றவர்களுக்குக் கருவியாவது சாட்சி சொல்லும், எங்களுக்கு அதுவும் இல்லை என்று நினைத்துக்கொள்வேன். (இது பொறாமை அல்ல, சரி, கொஞ்சம் பொறாமைதான்.)

நோயின் பெயரைச் சொல்லலாமா வேண்டாமா என்பதுதான் எங்களுடைய முதல் கேள்வி. சொன்னால், "என் பாட்டிக்கும் மூட்டுவலி, எண்ணெய் தடவினால் போய்விடும்" என்ற அறிவுரை வரும். சொல்லாவிட்டால் சோம்பேறி என்ற பெயர் வரும். மூன்றாண்டு தடுமாறிய பிறகு ஒரு நடுவழியைக் கண்டேன். மேலாளரிடம், "என் உடல்நிலை காரணமாகக் காலையின் முதல் இரண்டு மணி நேரம் தட்டச்சு செய்வது கடினம். அந்த நேரத்தில் கூட்டங்களை வைத்துக்கொண்டு, எழுத்து வேலையைப் பிற்பகலுக்கு மாற்றிக்கொள்கிறேன். மருத்துவரின் கடிதம் தேவையென்றால் தருகிறேன்" என்றேன். நோயின் பெயர் அவருக்கு இன்றுவரை தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் வரவில்லை. நமக்குத் தேவையானதைச் சொல்வதும் நம்மைத் திறந்து காட்டுவதும் ஒன்றல்ல என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.


#5 கேள்விக்குறி

எல்லோரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு இதில் ஓர் அடிப்படை வருத்தம் உண்டு. ஒரு மருத்துவர் தன் எதிரில் உட்கார்ந்திருக்கும் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதை நோயாளியா அவருக்குக் கற்றுத்தர வேண்டும்? தலைச்சுற்றலோடு வந்தவர், வாக்கியங்களைத் தயாரித்து, மனப்பாடம் செய்து, முன்கூட்டியே அனுப்பி, குறிப்பேடும் வைத்துக்கொள்ள வேண்டுமாம். காது கேட்பவர் வெறுங்கையோடு போய் வருகிறார். நாம் மட்டும் ஒவ்வொரு வாசலிலும் வகுப்பு எடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்றால், அதைத் திறமை என்று புகழ்வதைவிடக் கூடுதல் வரி என்று சொல்வதே சரி.

பிரிட்டனில் உடல் ஊனமுற்றோர் தாங்களே நடத்திய ஒன்றியம் 1976ஆம் ஆண்டிலேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டது: எங்களை முடக்குவது எங்கள் உடல் அல்ல, எங்களை விலக்கி வைக்கும் வகையில் அமைந்திருக்கும் சமூகம்தான் என்பது அவர்களுடைய நிலைப்பாடு. அந்தக் கருத்துக்கு 1983இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் மைக் ஆலிவர் 'சமூக மாதிரி' என்று பெயர் வைத்தார். படிக்கட்டைக் கட்டியது சமூகம். அதைச் சுற்றிப்போகும் கலையை மட்டும் நாம் கற்க வேண்டுமா? 'நமக்காக நாமே பேசுவோம்' என்ற முழக்கம், 'நீங்கள் கேட்கவில்லை, அதனால் கிடைக்கவில்லை' என்று பழியை நம் மேலேயே திருப்புவதற்கு எவ்வளவு எளிதாகப் பயன்படுகிறது என்பதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.


#6 பழைய ஏடு

கேள்விக்குறி அவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தச் சமூக மாற்றம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஜூடித் ஹியூமன் என்ற அமெரிக்கப் பெண்ணுக்குக் குழந்தைப் பருவத்தில் போலியோ வந்தது. அவருடைய சக்கர நாற்காலி தீ விபத்து நேரத்தில் இடைஞ்சலாகும் என்று கூறி, ஐந்து வயதில் பள்ளி அவரைச் சேர்க்க மறுத்தது. பின்னர் அவர் ஆசிரியர் பணிக்கு விண்ணப்பித்தபோதும் நியூயார்க் கல்வி வாரியம் ஏறக்குறைய அதே காரணத்தைச் சொல்லி உரிமம் தர மறுத்தது. 1970இல் அவர் வழக்குத் தொடுத்து உரிமத்தைப் பெற்றார். அது ஒரு தனி மனிதர் தன் வேலைக்காகப் பேசிய பேச்சுதான். ஏழு ஆண்டுகள் கழித்து, 1977 ஏப்ரலில், சான் ஃபிரான்சிஸ்கோவில் மத்திய அரசின் கட்டடம் ஒன்றை நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் ஆக்கிரமித்து ஏறக்குறைய நான்கு வாரம் வெளியேறாமல் இருந்தபோது, முன்னணியில் நின்றவர்களில் அவரும் ஒருவர். 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தில், மத்திய அரசின் நிதியைப் பெறும் இடங்களில் மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்ற 504ஆம் பிரிவு இருந்தது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகளில் கையெழுத்திடாமல் அரசு இழுத்தடித்தது. அதற்குத்தான் அந்தப் போராட்டம். கட்டடத்தின் தொலைபேசி இணைப்புகள் துண்டிக்கப்பட்டபோது, உள்ளே இருந்த காதுகேளாதவர்கள் சன்னல் வழியாகச் சைகைமொழியில் வெளியே செய்தி அனுப்பினார்கள். காதோரம் அவர்களே, அந்தக் கட்டடத்தில் அன்று வெளியுலகோடு தடையின்றிப் பேச முடிந்தவர்கள் காது கேளாதவர்கள்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 28 அன்று விதிகளில் கையெழுத்தானது.

2006 டிசம்பர் 13 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, இந்த வழியில் வந்ததுதான். கேள்விக்குறி அவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று அதில் இருக்கிறது. சாய்தளம், அறிவிப்புப் பலகை, இணையதளம் போன்றவை யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அமைக்கப்பட வேண்டியவை. அது உடன்படிக்கையின் 9ஆம் உறுப்பு, அதாவது பிரிவு. ஒரு குறிப்பிட்ட நபருக்கு, ஒரு குறிப்பிட்ட நேரத்தில், அளவுமீறிய சுமை இல்லாமல் செய்துதர வேண்டிய மாற்றம் வேறு; அது 2ஆம் உறுப்பில் வரையறுக்கப்படுகிறது, அதை மறுப்பதும் பாகுபாடு என்றே அங்கு சொல்லப்பட்டிருக்கிறது. முதலாவதை நாம் தனித்தனியாகக் கெஞ்சிக்கொண்டிருக்கக் கூடாது. இரண்டாவதை நாம் சொல்லாமல் எவராலும் ஊகிக்க முடியாது. நடுவழி அவர்களின் விரல்கள் காலையில் மடங்காது என்பதை எந்தக் கட்டடக் கலைஞர் அறிவார்?


#7 காதோரம்

இத்தனை பதில்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மூன்று வாக்கியங்களையும் ஓர் அட்டையில் எழுதிவிட்டேன்.

மருத்துவரிடம் எப்படிச் சொல்வது என்பது ஓரளவு தெளிவாகிவிட்டது. தங்கையிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இப்போது தயக்கமாக இருக்கிறது. எனக்காக விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறாள். "நீ பேசாதே" என்று அவளிடம் எந்த முகத்தோடு சொல்வேன்? மருத்துவர் அந்நியர், அவர் கோபித்துக்கொண்டால் வேறொருவரிடம் போகலாம். தங்கைக்கு மாற்று ஏது?


#8 தாய்மடி

காதோரம் அம்மா, நான் உங்கள் தங்கையின் இடத்தில் இருபத்து நான்கு ஆண்டுகள் இருந்தவள், ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு டவுன் நோய்க்குறி. அவன் பேச்சு புதியவர்களுக்கு உடனே புரியாது, பதில் சொல்ல நேரமும் எடுத்துக்கொள்வான். அவனிடம் யார் எதைக் கேட்டாலும் நான்தான் பதில் சொல்லி வந்தேன். அதைப் பாசம் என்று நினைத்தேன். பாசம்தான், ஆனால் பாதி அவசரமும் அதில் கலந்திருந்தது. வரிசையில் பின்னால் நிற்பவர்கள் காத்திருக்கிறார்களே என்ற கூச்சமும் இருந்தது.

ஒரு நாள் முடி வெட்டப் போனோம். "எப்படி வெட்டட்டும்?" என்று வெட்டுபவர் வழக்கம்போல் என்னைப் பார்த்துக் கேட்டார், நானும் வழக்கம்போல், "ஒட்ட வெட்டிவிடுங்கள்" என்றேன். போர்த்தியிருந்த துணிக்குள்ளிருந்து அவன் கை மெல்ல மேலே வந்து, கண்ணாடியில் தெரிந்த என் வாயை மூடியது. கண்ணாடியில் தெரிந்த வாயைத்தான். என் வாய் அவனுக்கு எட்டவில்லை. பிறகு காதுக்கு மேல் விரலை வைத்து, இந்த அளவு என்று காட்டினான். இருபது ஆண்டுகளாக அவனுக்குப் பிடிக்காத முடிவெட்டை நான் அவனுக்குத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது.

அதன் பிறகு ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டேன். அவனிடம் யாராவது கேள்வி கேட்டால் மனத்துக்குள் பத்து வரை எண்ணுவேன். பெரும்பாலும் ஏழில் பதில் வந்துவிடும். முதல் வாரத்தில் மூன்றைத் தாண்டி எண்ணுவதே எனக்குக் கடினமாக இருந்தது. கேள்வி என்னை நோக்கி வந்தால் நான் பதில் சொல்லாமல் அவனைப் பார்ப்பேன். என் கண் போகும் இடத்துக்குக் கேட்டவரின் கண்ணும் தானாகப் போகும். உங்கள் தங்கைக்கு இந்த ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுங்கள், போதும். "பேசாதே" என்று சொல்ல வேண்டியதில்லை. "என்னைப் பார்" என்று சொல்லுங்கள். அவளுக்கும் ஒரு வேலை இருக்கும். வெறுமனே வாயை மூடிக்கொண்டு உட்கார்வது, அக்கறையோடு வந்தவர்களுக்கு மிகக் கொடுமையானது.

பழைய ஏடு அவர்கள் குறிப்பிட்ட உடன்படிக்கையில் 12ஆம் உறுப்பை எங்களைப் போன்ற பெற்றோர் அவசியம் படிக்க வேண்டும். முடிவெடுக்க உதவி தேவைப்படுபவருக்கு உதவியைத் தர வேண்டும், அவருடைய முடிவையே எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்ற திசையில் அது பேசுகிறது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் தங்களுக்காகத் தாங்களே பேசும் கூட்டங்கள் 1960களின் பிற்பகுதியில் சுவீடனில் தொடங்கின. 1974இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 'முதலில் நாங்கள் மனிதர்கள்' என்ற பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பை அவர்களே உருவாக்கினார்கள். அவர்களாலேயே கூடிப் பேச முடிந்தது என்றால் என் மகனின் தலைமுடியைப் பற்றி அவன் பேசக்கூடாதா என்று என்னை நானே கேட்டுக்கொள்வேன்.


#9 மெல்லப்பேசி

பத்து வரை எண்ணும் தாய்மார்கள் பெருகட்டும்.

எனக்குத் திக்குவாய். என் வாக்கியங்களை மற்றவர்கள் முடித்து வைப்பார்கள், அதிலும் பாதி தவறாக முடிப்பார்கள். நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு அவர்கள் முடித்ததற்கே தலையாட்டிவிட்டு வந்த நாட்கள் ஏராளம். இது காதோரம் அவர்கள் சிரித்த சிரிப்புக்கு உறவுமுறை.

"தன்னம்பிக்கையோடு பேசு" என்று எனக்கு அறிவுரை சொல்பவர்கள் மீது எனக்குப் பெரிய மதிப்பு கிடையாது. தன்னம்பிக்கை வந்த பிறகு பேசலாம் என்று காத்திருந்தால் நான் இன்றும் வாயைத் திறந்திருக்கமாட்டேன். நான் செய்வது வேறு. பேச்சைத் தொடங்கும்போதே, "நான் திக்கிப் பேசுவேன். முடிக்கும் வரை காத்திருங்கள், இடையில் சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டாம்" என்று சொல்லிவிடுவேன். இந்த வாக்கியத்திலேயே நான்கு இடத்தில் திக்கும், அதுவும் நல்லதற்குத்தான், விளக்கமும் செயல்முறையும் ஒன்றாக முடிந்துவிடும். இந்த வாக்கியத்தை முதலில் தனியாகச் சொல்லிப் பார்த்தேன், பிறகு நண்பரிடம், பிறகு எனக்கு எந்த இழப்பும் வராத இடங்களில். நேராக மருத்துவரிடமோ மேலதிகாரியிடமோ தொடங்காதீர்கள். சிறிய இடத்தில் தவறிப் பழகுங்கள்.


#10 நடுவழி

ஒன்றை மட்டும் இடையில் சொல்லிக்கொள்கிறேன். எல்லா இடத்திலும் பேச வேண்டும் என்ற கட்டாயமும் நமக்கு இல்லை. சில நாட்களில் எனக்கு வலியோடு சேர்த்து விளக்கத்தையும் சுமக்கத் தெம்பு இருக்காது. அன்று பேசாமல் திரும்பி வந்துவிடுவேன். முன்பெல்லாம் அதற்காக என்னையே திட்டிக்கொள்வேன். இப்போது ஒரே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: இந்த இடத்துக்கு நான் மறுபடியும் வர வேண்டியிருக்குமா? வர வேண்டியிருந்தால் பேசுவேன். இல்லையென்றால் விட்டுவிடுவேன்.


#11 காதோரம்

நேற்று மறுபடியும் போய்விட்டு வந்தேன். ஒரு மாதம் வரை காத்திருக்கவில்லை. ஐந்து மாதம் என்ற தகவலைத் திருத்த வேண்டும் என்று சொல்லி முன்பதிவு செய்தேன். செய்யும்போதே மூன்று வாக்கியங்களையும், என் பெயரைக் குரல் கொடுத்து அழைக்காமல் கையசைத்து அழைக்க வேண்டும் என்ற நான்காவதையும் எழுதி அனுப்பினேன்.

தங்கையிடம் முந்தைய நாள் இரவே பேசினேன். தாய்மடி அவர்கள் சொன்னபடி, "உன்னிடம் கேட்டால் என்னைப் பார்" என்றேன். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படியென்றால் போன தடவை நான் தப்புச் செய்துவிட்டேனா அக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. "மூன்று வாரம் என்று சொன்னாய், ஐந்து மாதம்" என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. அதற்கு மருந்து என்னிடம் இல்லை.

உள்ளே போனதும் அட்டையை மேசை மேல் வைத்தேன். கை நடுங்கியது. மருத்துவர் படித்தார். திரையை ஒதுக்கிவிட்டு நாற்காலியைத் திருப்பினார். அவருக்குப் பின்னால் சன்னல் வெளிச்சம் இருந்ததால் முகம் இருட்டாகத் தெரிந்தது, அதையும் சொன்னேன். எழுந்து திரைச்சீலையை இழுத்துவிட்டார். இருமுறை பழக்கத்தில் தங்கையின் பக்கம் திரும்பினார். இருமுறையும் அவள் என்னைப் பார்த்தாள். அவள் மடியிலிருந்த பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்ததையும் நான் கவனித்தேன். ஐந்து மாதம் என்று தெரிந்ததும் அவர் முன்பு எழுதிய மாத்திரையை நிறுத்திவிட்டு, உட்செவியின் சமநிலையைச் சோதிக்கும் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அடுத்த வருகையின் தேதியை எண்ணில் எழுதிக் காட்டினார்.

இதுவரை நல்ல செய்தி. பரிசோதனைக்காக வெளியே காத்திருந்தபோது என் பெயரைக் குரல் கொடுத்துத்தான் அழைத்திருக்கிறார்கள். நான் எழுதி அனுப்பியதைப் படித்தவருடைய பணிநேரம் முடிந்து வேறொருவர் வந்துவிட்டாராம். தங்கை கழிப்பறைக்குப் போயிருந்தாள். மூன்று முறை அழைத்துவிட்டு, ஆள் இல்லை என்று அடுத்தவரை அனுப்பிவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.


#12 கேள்விக்குறி

திரைச்சீலையைக் கேட்டு இழுக்க வைத்தது எனக்கு மிகவும் பிடித்தது. அட்டை உள்ளே வேலை செய்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முதலில் எழுதியபோது அதற்குள்ள மதிப்பை நான் கொடுக்கவில்லை.

ஆனால் வெளியே நடந்ததைத்தான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்கள் ஏற்பாடு ஓர் ஊழியரின் நினைவில் தங்கியிருந்தது, அவர் வீட்டுக்குப் போனபோது அதுவும் அவரோடு போய்விட்டது. காத்திருக்கும் இடத்தில் வரிசை எண்ணைக் காட்டும் ஒரு திரை இருந்தால் உங்களுக்கு எந்த அட்டையும் தேவையில்லை. கேட்கும் காதுள்ளவர்களும் அதைத்தான் பார்ப்பார்கள். பழைய ஏடு அவர்களின் கணக்குப்படி இது 9ஆம் உறுப்பு. இதைத் தனிச்சலுகையாகக் கேட்காதீர்கள். நிர்வாகத்துக்கு எழுதுங்கள். ஒன்றரை மணி நேரம் காத்திருந்ததைத் தேதியோடும் நேரத்தோடும் குறிப்பிடுங்கள்.


#13 காதோரம்

எழுதிப் பார்த்தேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

"நான் காதொலிக் கருவி அணியும் நோயாளி. கையசைத்து அழைக்குமாறு எழுத்தில் முன்கூட்டியே கேட்டிருந்தும், நேற்று என்னைக் குரல் கொடுத்து மட்டுமே அழைத்ததால், காலை 10.40க்கு வர வேண்டிய என் முறை தவறி, 12.10க்குத்தான் பரிசோதனை நடந்தது. உங்கள் வேலைப்பளு எனக்குப் புரிகிறது. காத்திருக்கும் இடத்தில் வரிசை எண்ணைக் காட்டும் திரை ஒன்றை அமைக்குமாறும், அது அமையும் வரை என் கோப்பின் முதல் பக்கத்தில் 'கையசைத்து அழைக்கவும்' என்று எழுதி வைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். இது குறித்து எடுக்கும் முடிவை எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். உங்களுக்கு ஏற்படுத்திய சிரமத்துக்கு மன்னிக்கவும்."


#14 தொடுவெழுத்து

நன்றாக இருக்கிறது. 'நேற்று' என்பதை எடுத்துவிட்டுத் தேதியைப் போடுங்கள். கடிதம் படிக்கப்படும் நாளில் நேற்று வேறு நாளாகியிருக்கும். பதிலை எந்த நாளுக்குள் எதிர்பார்க்கிறீர்கள் என்றும் சேருங்கள், பதினைந்து நாள் போதும். கடைசி வரியை எடுத்துவிடுங்கள். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தவர் நீங்கள்.


#15 காதோரம்

எடுத்துவிட்டேன். தேதியைப் போட்டாயிற்று. நாளை காலை அனுப்புகிறேன்.